துறைமுகத்துப் பையன்களின் பாஷை

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் எனக்கு எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய பேரன் கைப்பேசியில் நண்பர்களோடு சேர்ந்து ஏதோ சண்டை விளையாட்டு விளையாடுகிறானாம். அப்போது அவன் பேசுகிற பாஷை தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, மனித பாஷைதானா என்றே சந்தேகமாக இருக்கிறது என்று வருத்தப்பட்டிருந்தார். பேரன் வாயிலிருந்து விழுந்த சொற்களில் இருபது முப்பதை ஒரு தாளில் குறித்து அனுப்பி, "நாவலாசிரியரான தாங்கள் இந்தச் சீர்கேட்டைக் கண்டித்து எழுத வேண்டும்" என்றும் கேட்டிருந்தார்.

கண்டிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வேடிக்கை தென்பட்டது. தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி. உள்ளே தம் பேரனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "மேற்படி" என்பதற்கு மேலே சுழித்து வாலிழுத்த அந்தப் பழைய ஒற்றைக் குறி, ௸. அடியில் "பி.கு." உறையின் மேல் முகவரியில் "த/பெ." தமிழாசிரியர் தம் கடிதத்திலேயே நாலு சுருக்கெழுத்துக்களைச் சர்வ சாதாரணமாகக் கையாண்டிருக்கிறார். அவை சீர்கேடு என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றவும் நியாயமில்லை. பழகிப்போன சுருக்கம் நம் கண்ணுக்குச் சுருக்கமாகவே படுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் சுருக்கம்தான் உறுத்துகிறது.

வருஷத்துக்கு ஒரு குறி, மாதத்துக்கு ஒரு குறி, வரவுக்கும் பற்றுக்கும் தனித்தனிக் குறி என்று நம் கணக்குப்பிள்ளைகள் ஓலையிலும் பேரேட்டிலும் எழுதிக் குவித்தார்கள். ௵, ௴, ௷, ௶ என்று அவை இன்று கணினியின் எழுத்துப் பட்டியலிலும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. இந்தக் குறிகளைப் பார்த்து, "இது தமிழா?" என்று கேட்ட பேரன் அந்தக் காலத்தில் இருந்திருந்தால், பாட்டனார் காதைத் திருகியிருப்பார்.

ஆசிரியருக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்த வேண்டும். அவர் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கக்கூடிய நன்னூலில் பவணந்தி முனிவர் இந்த விவகாரத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்கினால் அதற்குக் குழூஉக்குறி என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். உரைகாரர்கள் தரும் உதாரணங்கள் இவை. சொல்விளம்பி! குடித்தவன் உள்ளதையெல்லாம் உளறிவிடுவான் என்பதால் கள்ளுக்கு அப்படி ஒரு பெயர். இதை விடச் சாமர்த்தியமான சொல்லை எந்தக் கைப்பேசிப் பையனும் இதுவரை கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. முனிவர் இதையெல்லாம் பிழை என்று தள்ளவில்லை. வழக்கு என்றார், அதிலும் தகுதி வழக்கு என்றார். சொல் தேய்ந்து சுருங்குவதற்கு மரூஉ என்று பெயர் வைத்து, அதையும் வழக்கில் சேர்த்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவிக்கு இருந்த தாராளம் நமக்கு இல்லாமல் போனது ஏன் என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

வட சென்னைக்காரர் ஒருவர் சுருக்கெழுத்தைக் குறை சொல்வதில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. அந்தப் பிரதேசமே சுருக்கெழுத்தால் ஆனது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, டி.எச். ரோடு. டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் அமைந்த நகர் ஆர்.கே. நகர். மகாகவி பாரதி நகர், எம்.கே.பி. நகர் ஆகிவிட்டது, அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துக்குள் பாரதி எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறவன் தேடிப் பார்ப்பதில்லை. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 'விம்கோ' என்றால் என்ன? வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் முதலெழுத்துக்கள். அந்தக் கம்பெனியின் முழுப் பெயர் மறந்துபோய், முதலெழுத்து மட்டும் ஊர்ப் பெயராக நிற்கிறது. அதற்கு இப்போது வேற்றுமை உருபும் சேர்ந்துவிட்டது: விம்கோவுல இறங்கணும், விம்கோவாண்ட நிக்கிறேன்.

துறைமுகத்துக்கு உள்ளே போனால் இன்னும் கேட்கவே வேண்டாம். சரக்குப் பெட்டிகளை எண்ணுவதற்கு டி.இ.யு. என்பார்கள், இருபதடிப் பெட்டிக்கு ஒன்று, நாற்பதடிப் பெட்டிக்கு இரண்டு. சரக்குச் சீட்டு பி.எல்.; பெட்டியைப் பிரிக்கும் கிடங்கு சி.எஃப்.எஸ். ஒரு கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தா டெலிபோனில் ஐந்து நிமிஷம் பேசுவதைக் கேட்டால் ஆசிரியர் அனுப்பிய பட்டியல் பாலபாடம் போலத் தோன்றும். ஆனால் குமாஸ்தாவின் பாஷையைக் கண்டிக்கும்படி யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. அது சம்பளம் வாங்கித் தருகிற பாஷை.

கப்பல் வந்து போகிற இடத்தில் சொல்லும் வந்து போகும். துட்டு என்று நாம் சொல்வது டச்சுக்காரர்களின் சில்லறைக் காசின் பெயர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் அவர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். கோட்டை இடிந்தது, துட்டு மட்டும் நம் மடியில் தங்கிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்தக் கப்பல் இரண்டு மாதத்துக்குள் அழிந்தது. ஆனால் "அவனா, பெரிய எம்டனாச்சே!" என்று தமிழன் இன்றைக்கும் சொல்கிறான். பதிலுக்கு நாமும் கட்டுமரத்தை அனுப்பி வைத்தோம். காசிமேட்டு மீனவனின் அந்தச் சொல் இங்கிலீஷில் ஏறி உலகத்துப் படகுப் பந்தயங்களிலெல்லாம் மிதக்கிறது.

இந்த வரலாறு தெரிந்தவனுக்குக் கைப்பேசிப் பையன்களின் சொற்களில் ஒன்றிரண்டு ரொம்பவும் பரிச்சயமான முகத்தோடு வந்து நிற்கும். செத்து விழுந்த எதிரியிடமிருந்தோ, காலி வீட்டிலிருந்தோ துப்பாக்கியும் தோட்டாவும் பொறுக்கிக்கொள்வதை அவர்கள் 'லூட்' என்கிறார்கள். லூட் என்பது இந்துஸ்தானிச் சொல். கம்பெனிக்காரர்கள் காரியத்தை இங்கே செய்தார்கள், சொல்லையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். இருநூறு வருஷங்களுக்குப் பிறகு அது வெளிநாட்டு விளையாட்டில் ஏறிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வந்திருக்கிறது. விளையாடுகிறவனுக்குத் திரையில் ஒரு பொம்மை உருவம் உண்டு. அதற்கு 'அவதார்' என்று பெயர். விஷ்ணுவிடமிருந்து வாங்கிய கடன். கணினியில் 'லாக்-இன்' செய்வதாகச் சொல்கிறார்களே, அந்த 'லாக்' கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டை. கட்டையிலிருந்து வேகக் கணக்கு எழுதும் புஸ்தகத்துக்குப் பெயர் வந்தது. அந்தப் புஸ்தகத்திலிருந்து கணினிக்கு வந்தது. இணைப்பு மெதுவாக இருந்தால் "பிங் எகிறுது" என்று பையன்கள் கத்துகிறார்கள். கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பார்கள் அல்லவா, அந்தச் சத்தம் அது. 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரு கணினிக்குச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க ஒரு சின்ன நிரலை எழுதி, அந்தக் கடல் ஓசையையே பெயராக வைத்தார். ஆசிரியரின் பேரனைப் போலச் சின்னப் பையன்கள் வியப்பு வந்தால் தட்டுகிற 'ஓ.எம்.ஜி.' கூட ஒரு கப்பல்காரர் எழுதியதுதான். 1917-இல் பிரிட்டிஷ் அட்மிரல் ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. ஆகையால் இது சின்னப் பிள்ளைகளின் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை.

இந்தச் சுருக்கங்களெல்லாம் ஏன் பிறந்தன? சோம்பேறித்தனத்தால் என்பது பலருடைய அபிப்பிராயம். காசுதான் முதல் காரணம். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்த காலத்தில், தாய் இறந்த செய்தியைக்கூட மூன்று சொற்களில் அடக்கினோம். வாழ்த்துக்களுக்கு நம் தபால் இலாகா எண் கொடுத்து வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோயிற்று. அதற்கு முன்பே கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்து அதே வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது அதன் அளவு. இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. தமிழ் எழுத்தில் அடித்தால் 70 தான். அதிலும் 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு ஒன்று, கொம்புக்கும் காலுக்குமாகச் சேர்த்து ஒன்று என்று இரண்டு இடம் போய்விடும். ஒரே விஷயத்தைத் தமிழில் சொன்னால் இரண்டு மூன்று செய்திக் காசு. பத்து ரூபாய் டாப்-அப் போட்ட பையன் என்ன செய்வான்? தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தான், உயிரெழுத்துக்களையெல்லாம் உதிர்த்தான். அவனுடைய தமிழ்ப் பற்றைச் சோதிக்கிறவர்கள் இந்தக் கட்டண விகிதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நேரம். விளையாட்டில் சுடுகிறவனுக்குக் கை ஒழியாது; தட்டினால் செத்துப்போவான். அதனால் 'ஜி.ஜி.' இரண்டெழுத்து. நல்ல ஆட்டம் என்று பொருள். ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குச் சொல்லும் மரியாதை. குத்துச்சண்டைக்காரர்கள் மேடையில் ஒருவரை ஒருவர் தொட்டுவிட்டு இறங்குவார்களே, அந்த மாதிரி. புதிதாக வந்து உளறுகிறவன் 'நூப்', நமது கத்துக்குட்டி. 'ஏ.எஃப்.கே.' என்றால் விசைப்பலகையை விட்டு எழுந்து போயிருக்கிறேன் என்று அர்த்தம். கைப்பேசியில் விசைப்பலகை ஏது என்று கேட்கக்கூடாது. ஓலை போய் எத்தனையோ காலமாகியும் நாம் நாளேடு என்று சொல்லவில்லையா?

எனக்கு மிகவும் ரசமாகப் பட்டது 'ஓ.பி.' என்ற சொல்தான். தொழிற்சாலைகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் 'ஓ.பி. அடிக்கிறவன்' என்றால் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன். ஃபோர்மன் வாயில் அது வசைச் சொல். அதே வீட்டில் மகன் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "அவன் வேற லெவல்டா, ஓ.பி.!" என்கிறான். அங்கே அது எவராலும் எதிர்த்து நிற்க முடியாத பலசாலி என்று பொருள். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. ஒரு கூரையின் கீழ் சந்தித்திருக்கின்றன. அப்பனுக்கும் மகனுக்கும் இடையே என்ன நடந்திருக்கிறது என்பதை இந்த இரண்டெழுத்தை வைத்துக்கொண்டே ஒரு சிறுகதையில் சொல்லிவிடலாம். எழுதுகிறவர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் வர நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். என் ஆட்சேபணை பையன்களிடம் இல்லை, அவர்களை எழுதுகிறவர்களிடம் இருக்கிறது.

வட சென்னைப் பேச்சை நம் கலைகள் எப்படி நடத்தி வந்திருக்கின்றன? சினிமாவில் அது வெகு காலம் சிரிக்க வைப்பதற்கே பயன்பட்டது. 1958-இல் வந்த 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்ஷாக்காரராக வந்து பேசியபோது தியேட்டர் அதிர்ந்தது. அவர் மகா கலைஞர். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள், 'இன்னா', 'கஸ்மாலம்', 'பேமானி' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டினார்கள். கஸ்மாலம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, பேமானி ஈமான் இல்லாதவன் என்ற உருதுச் சொல்லின் மரூஉ என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. ஜெயகாந்தன்தான் இதை உடைத்தார். அவருடைய குடிசைவாசிகள் அதே பாஷையில் அழுதார்கள், தர்க்கம் செய்தார்கள், மானத்தோடு நின்றார்கள். 'உன்னைப்போல் ஒருவ'னைப் படித்தவர்கள் யாரும் அதன் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்க முடியாது. இந்த நூற்றாண்டில் 2014-இன் 'மெட்ராஸ்', 2018-இன் 'வட சென்னை' ஆகிய படங்களும், தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' போன்ற நாவல்களும் அந்த வழியில் இன்னும் சில அடி போயிருக்கின்றன.

சொல்லின் கௌரவமும் ஏறியிருக்கிறது. மெர்சல், தெறி, கெத்து எல்லாம் பெரிய நடிகர்களின் படப் பெயர்களாகிவிட்டன. 2016-இல் 'கெத்து' தமிழ்ச் சொல்லா இல்லையா என்ற கேள்வி வரிச் சலுகைக்காக எழுந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. குடத்துக்குள் கிடந்த சொல் கோர்ட்டுப் படி ஏறியது!

ஆனால் கைப்பேசிப் பேச்சு என்று வந்துவிட்டால் மறுபடி பழைய கதையே நடக்கிறது. சமீப காலத்தில் நான் படித்த கதைகளில் இளைஞர்கள் வாயில் இந்தச் சொற்களை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். வரிக்கு நாலு 'ப்ரோ'. எங்கு பார்த்தாலும் 'எல்.ஓ.எல்.' இது பொம்மைக்குச் சட்டை போடுகிற வேலை. வேறு சிலர் இதற்கு நேர் எதிர். பையன் எது சொன்னாலும் அதைத் தூய நடையில் மொழிபெயர்த்துவிட்டு, "என்று நவீன பாஷையில் சொன்னான்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது ஒரு ரகம் உண்டு. பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 'பெற்றோருக்கு வழிகாட்டி' என்ற தலைப்பில் சொல்லும் பொருளும் இரண்டு பத்தியாக அச்சிடுகிறார்கள். ஆசிரியர் எனக்கு அனுப்பிய தாளும் அந்த ஜாதிதான். சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்தால் மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்த மாதிரி. எடை போடலாம்; நீந்துவதைப் பார்க்க முடியாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே காசிமேட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் இரண்டு மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்வாடையில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் சாலையில் வரிசை கட்டி நிற்கும். கிளீனர் பையன்களும் அக்கம்பக்கத்துப் பையன்களும் பெஞ்சியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள். நான் கேட்ட பேச்சு இப்படி:

"மச்சி, நாக் ஆயிட்டேன்டா, ரிவைவ் குடு!"

"இர்ரா, ஜோன் வந்துகினு கீது. லூட்ட எட்துகினு ஓடியாறேன்."

"அது பாட்டுடா, ஆளு இல்ல. ரஷ் போ!"

'பாட்' என்றால் இயந்திரம் ஆட்டுவிக்கும் பொம்மை எதிரி. 'ஜோன்' சுருங்கி வருகிற எல்லைக்கோடு. பெயர்ச் சொல் முழுக்க இங்கிலீஷ். ஆனால் வினையைப் பாருங்கள். ஆயிட்டேன், குடு, வந்துகினு கீது, எட்துகினு, போ. 'கொண்டு' என்பது 'கினு' ஆவதும், 'இருக்கிறது' என்பது தேய்ந்து 'கீது' ஆவதும் அந்தப் பிரதேசத்தின் பழைய மரூஉ. பையன்கள் அமெரிக்காவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வந்த சொல்லை எடுத்து ராயபுரத்து இலக்கணத்தில் போட்டு அரைத்திருக்கிறார்கள். வந்த சொல்தான் மாறியிருக்கிறது, இலக்கணம் அசையவில்லை. தொல்காப்பியர் திசைச்சொல் என்று ஒரு வகை சொன்னாரே, அதன் புதுத் திசைகள் இவை.

இன்னொன்று நடந்தது. ஆட்டத்தில் நாலாவது ஆள் எங்கேயோ எண்ணூரில் தன் வீட்டிலிருந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பையன்களில் ஒருவனுடைய சித்தப்பா. அவர் குண்டடிபட்டதும் பையன் கத்தினான்: "டேய், சித்தப்பா நாக் ஆயிட்டாரு!" ஆயிட்டான் அல்ல, ஆயிட்டாரு. உயிர் போகிற அவசரத்திலும் அவன் மரியாதை விகுதியைச் சுருக்கவில்லை. இதை எந்தச் சொற்பட்டியலில் அச்சடிப்பது? கதை எழுதுகிறவன் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

நான் கையோடு கொண்டுபோயிருந்த ஒரு கதைப் பக்கத்தை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். விளையாட்டுப் பையன்கள் பேசும் கட்டம். நன்றாக எழுதப்பட்டதாகப் பெயர் வாங்கிய கதை. கிளீனர் பையன் பாதி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "ஆடும்போது இம்மா பேச்சு பேசுனா அவன் காலி சார்" என்றான். அந்தக் கதைக்கு இதுவரை வந்த மதிப்புரைகளில் இதுவே சிறந்தது.

பையன்கள் பாஷைக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்கக்கூடாது. குழூஉக்குறிக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று சொன்னதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. எதிரே நிற்கிற வாடிக்கைக்காரனுக்குப் புரியக்கூடாது. மறைக்கிற பாஷைக்குள் எதையும் மறைக்கலாம். 2021 ஜூன் மாதம், விளையாடிக்கொண்டே யூடியூபில் பேசிப் பிரபலமான ஒருவரைச் சென்னைப் போலீசார் கைது செய்தார்கள். விளையாட வரும் பெண்களைப் பற்றி அவர் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுத்த அறையிலேயே இருந்த பெரியவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகவே இருந்திருக்கிறது. பேரன் பேசுவது புரியவில்லை என்ற ஆசிரியரின் கவலையில் இந்தப் பங்கு நியாயமானது. அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் அவர் பட்டியலை இரண்டு தரம் பார்த்தேன். அதில் அசிங்கமான சொல் ஒன்றுகூட இல்லை. பேரன் நல்ல பிள்ளைதான். அவனிடமே கேட்டிருந்தால் எனக்கு எழுதுவதற்கு முன்னால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பான். தாத்தாவுக்குப் பாடம் நடத்துவதில் எந்தப் பேரனுக்குச் சந்தோஷம் இருக்காது?

கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் என்ற தனி மனிதர் அகராதி செய்து வைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளில் பேரகராதி போட்டது. க்ரியா ராமகிருஷ்ணன் தற்காலத் தமிழுக்கு ஆயுளைக் கொடுத்து அகராதி செய்தார். மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020-ஆம் வருஷமே மறைந்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான பேச்சுக்கு, எந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்தது, எந்த ஆலையில் மாறியது, எந்த ஆட்டத்தில் சுருங்கியது என்று சொல்லும் ஒரு முழு அகராதியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊருக்கு இது ஒரு குறைதான்.

சுருக்கெழுத்து எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அந்த டீக்கடையில் ஒரு பையன் சொன்னதைச் சொல்லவேண்டும். அவனுக்கு வீடு எண்ணூரில் பெரியகுப்பம். 2023 டிசம்பர் 26 இரவு, அங்கே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அந்த மாதத் துவக்கத்திலேதான் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையெல்லாம் கறுத்துக் கிடந்தது. நள்ளிரவு நெருங்கும் நேரம். இவன் ஆடிக்கொண்டிருக்கிறான். முதலில் கண் எரிந்தது, பிறகு மூச்சுத் திணறியது, தெருவில் சத்தம். பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு சாலைக்கு ஓட வேண்டும். ஓடுவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் கட்டை விரலால் மூன்று எழுத்துத் தட்டினானாம்: ஏ.எஃப்.கே. அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த மூவரும் சோறு தின்னப் போயிருக்கிறான் என்று நினைத்து, ஆட்டம் தோற்றதற்கு அவனைத் திட்டிக்கொண்டே தூங்கப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்த செய்தி மறுநாள் பேப்பரில் வந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

'எழுந்து போகிறேன்' என்று சொல்ல அந்தப் பாஷையில் மூன்று எழுத்து இருக்கிறது. ஏன் எழுந்து போகிறேன் என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. கதைக்காரன் உட்கார வேண்டிய நாற்காலி அந்தக் காலி இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. என் நண்பர்களான எழுத்தாளர்கள் 'ஏ.எஃப்.கே.' என்பதைத் தங்கள் கதையில் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அடுத்த வரியில் பாட்டியும், எரிகிற கண்ணும், இருட்டில் சாலைக்கு ஓடுகிற குப்பத்து ஜனங்களும் வராவிட்டால் அந்த மூன்று எழுத்துக்கு அங்கே வேலை இல்லை.

அப்புறம் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்த மாதிரி ஆபத்துக்கு என்று நீங்களே ஒரு சுருக்கம் வைத்துக்கொள்ளக் கூடாதா, அதைத் தட்டினால் மற்றவர்களுக்குப் புரியுமே என்று. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியகுப்பத்துப் பையன்தான் பதில் சொன்னான்.

"அதெல்லாம் வேணாம் சார். இப்பல்லாம் எவனாச்சும் திடீர்னு ஏ.எஃப்.கே. போட்டா, ஆட்டத்த வுட்டுட்டு ஃபோன் பண்ணிடுவோம்."